மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு கேட்டுக் கிராம சபையில் தீர்மானம்: செட்டிநாட்டு ஊர்களுக்கு எது முதலில் வேண்டும்?

பதிவு 1: முகப்புத் திண்ணை

வரும் அக்டோபர் 2 அன்று நடைபெறவுள்ள கிராம சபையில் ஆரம்ப சுகாதார நிலையம் தொடர்பாக ஒரு தீர்மானம் கொண்டுவர எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். வரைவை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். அதற்கான காரணத்தை முதலில் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வங்கிப் பணியில் ஓய்வுபெற்றுப் பள்ளத்தூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நானும் 81 வயதான என் ஆத்தாவும் மட்டுமே இருக்கிறோம். எங்கள் தெருவில் உள்ள 19 வீடுகளில் 11 வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 6 வீடுகளில் எழுபதைக் கடந்தவர்கள் தனியாகவோ கணவன் மனைவியாகவோ வசிக்கிறார்கள். ஒரு வீட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பம்; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீடு அது ஒன்றுதான். செட்டிநாட்டு ஊர்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பதே நாடு முழுவதும் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். இந்தக் கணக்கு தலைகளை எண்ணுகிறதே தவிர, அந்தத் தலை நரைத்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. 5,000 பேரில் பெரும்பாலானோர் இளவயதினராக உள்ள ஓர் ஊருக்கும், அதே 5,000 பேரில் கணிசமானோர் மாதந்தோறும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டிய ஓர் ஊருக்கும் ஒரே செவிலியர்தான். 2021ஆம் ஆண்டுக்கான அரசின் மதிப்பீட்டின்படி, அறுபதைக் கடந்தவர்கள் இந்தியாவில் 10.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 13.6 விழுக்காடு. எங்கள் தெருவின் விழுக்காட்டை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தத் தலைக்கணக்கும்கூட 2011க்குப் பிறகு எடுக்கப்படவில்லை.

தற்போதைய வரைவில் மூன்று கோரிக்கைகள் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிப் பிரிவு மாலையிலும் இரவு 8 மணி வரை இயங்க வேண்டும். கூடுதலாக ஒரு மருத்துவர் வேண்டும். எங்கள் ஊருக்கென ஒரு புதிய கட்டடம் வேண்டும். இந்த வரிசை சரிதானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2: கண்ணாடிப் பலகை

முதல் கோரிக்கையை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். என் தந்தையும் நானும் ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் வேலை செய்கிறோம். கண்ணாடிப் பலகையின்மீது அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் வேலை. காலையில் தொடங்கினால் குழைத்த கலவை இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் எழுந்து மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து தொடர முடியாது. கூலியும் எண்ணிக்கைக் கணக்கில்தான்.

என் தந்தைக்கு விரல் இடுக்குகளில் சிமெண்டுப் புண் உண்டு. முட்டி வலியும் உண்டு. சுகாதார நிலையம் 4 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, மருந்தும் இலவசம்தான். ஆனால் அங்கே போய்வரும் நாளில் அரை நாள் கூலி போய்விடும். அதனால் இரவு 7 மணிக்குமேல் ஒரு மருந்துக் கடையில் நின்று, "முட்டி வலிக்கு ரெண்டு நாளைக்குக் கொடுங்க" என்று கேட்டு, கத்தரித்துத் தரும் மாத்திரைத் துண்டுகளை வாங்கி வருகிறோம். அவற்றில் ஒன்று ஸ்டீராய்டு என்பது அவருடைய முகம் வீங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நகரத்தில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. தமிழ்நாடு முழுவதும் 708 மையங்கள் திட்டமிடப்பட்டு, 2023 ஜூன் 6 அன்று 500 மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. நகரத்துக் கூலித் தொழிலாளிக்கு மாலை நேரம்தான் வசதி என்று அறிந்து செய்த அரசுக்கு, கிராமத்திலும் கூலித் தொழிலாளிகள்தான் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் இருக்காது.

பதிவு 3: பழைய நர்சம்மா

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களில் பணியாற்றியிருக்கிறேன். மாலை நேரப் பிரிவு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்பவர்கள் நிலையத்தின் உள்ளே நடப்பதையும் அறிந்துகொண்டு கேட்டால் நன்றாக இருக்கும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிரசவத்துக்காக எங்கள் துறை செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2018-20 கணக்கில் இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு 97 என்றிருந்தபோது இங்கே 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களை முறைவைத்து 24 மணி நேரமும் இருக்கச் செய்ததும், கர்ப்பிணியின் பெயரைத் தொடக்கத்திலேயே பதிந்து பிக்மி என்ற பதிவு எண் கொடுத்து விடாமல் பின்தொடர்ந்ததும், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகையும் அதற்குக் காரணங்கள். (அந்த அம்மையார் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் என்பதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை.) ஒரு கர்ப்பிணி வரவேண்டிய நாளில் வரவில்லை என்றால் அவள் தாய்வீடு எந்த ஊர், எந்தப் பேருந்தில் போயிருப்பாள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

அதே கவனம் சர்க்கரை நோயாளிக்குக் கிடைக்கவில்லை. கர்ப்பம் பத்து மாதத்தில் முடிந்துவிடும், சர்க்கரை முடியாது. நாங்கள் பயின்ற பயிற்சி, வைத்திருந்த பதிவேடு எல்லாமே முடிவு உள்ள ஒன்றுக்காக அமைந்தவை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் பகுதியில் தனியாக இருந்த ஓர் ஆச்சி அடிக்கடி தலைசுற்றி விழுந்தார்கள். ஒருநாள் அவர்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து, மாத்திரை வைத்திருக்கும் கொட்டானை (ஓலைப் பெட்டியை) கொண்டுவரச் சொல்லிப் பாயில் கொட்டிப் பார்த்தேன். அரசு முத்திரையுடன் "விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்ட, ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் ஓர் அட்டை. காரைக்குடியில் தனியாரிடம் காட்டி வாங்கிய, வேறு பெயருள்ள ஓர் அட்டை. மகன் சென்னையிலிருந்து அனுப்பிய இன்னோர் அட்டை. மூன்றும் ஒரே மருந்து. ஆச்சி மூன்றையும் ஒழுங்காக, ஒரு வேளையும் தவறாமல், சாப்பிட்டு வந்தார்கள். மூன்று மருத்துவர்களும் தங்கள் அளவில் தவறு செய்யவில்லை. அந்தக் கொட்டானைத் திறந்து பார்க்கும் ஆள் ஒருவர் மட்டும் இல்லை.

ஆகவே, தீர்மானத்தில் மாலை நேரம் இருக்கட்டும். ஆனால் துணை சுகாதார நிலையத்தை மறந்துவிட்டுப் பெரிய நிலையத்தை மட்டும் கேட்காதீர்கள். புதிய கட்டடம் என்ற மூன்றாவது கோரிக்கையை எடுத்துவிடுங்கள். சுவர் வெடித்திருக்கிறது என்றால் பழுதுபார்க்கக் கேளுங்கள்.

பதிவு 4: ஊர்ப் பற்று (கோலாலம்பூர்)

முகப்புத் திண்ணை அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பதிவுகள் அனைத்தையும் படித்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை. அரசிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்குப் பதிலாக, நாமே ஏன் செய்துகொள்ளக்கூடாது? எங்கள் ஐயா காலத்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. முகப்பையும் இரண்டு அறைகளையும் கொடுக்கிறேன். என்னைப் போல் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். பள்ளிக்கூடமும் கல்லூரியும் கோயிலும் கட்டிய ஊர்கள் நம்முடையவை. ஒரு மருந்தகம் நடத்த நமக்குத் தெரியாதா?

பதிவு 5: திருமயம் தெற்கு

நான் புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் உதவி மருத்துவராகப் பணிபுரிகிறேன். பெயர் போடாததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கோலாலம்பூர் நண்பரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் குறிப்பிடும் கொடை மரபையே சற்று உற்றுப் பார்க்கலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த ஆய்வகம் இன்றும் நடப்பதற்குக் காரணம், ஆண்டுதோறும் சம்பளமும் செலவும் அரசின் நிதிநிலை அறிக்கையிலிருந்து வருவதுதான். கொடை தொடங்கி வைத்தது. வரிப்பணம் நடத்திச் செல்கிறது. மருந்தகத்தில் நடத்திச் செல்லும் செலவே பெரியது. பத்துப் பேரில் நான்கு பேர் அடுத்த தலைமுறையில் அக்கறை இழந்தால், அந்த முகப்பில் மறுபடி பூட்டுத் தொங்கும். நடுவில் அந்த மருத்துவரை நம்பிப் பழகிய இருநூறு நோயாளிகள் என்ன செய்வார்கள்?

இனி மருத்துவர் தட்டுப்பாடு பற்றி. தமிழ்நாட்டில் எங்களைத் தேர்வு செய்ய 2012 முதல் தனி வாரியமே இருக்கிறது. மற்ற பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் காலியிடம் குறைவு. சிக்கல் வேறு. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் 50 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எங்களைக் கிராமத்துக்கு வரவழைப்பது இந்த ஒதுக்கீடுதான். அதை நான் மனமார ஆதரிக்கிறேன், நானும் அதை எதிர்பார்த்தே வந்தேன். ஆனால் கிராமத்துக்கு வரவழைக்கும் அதே ஏற்பாடு கிராமத்திலிருந்து எங்களை அழைத்துச் செல்லவும் செய்கிறது. ஓர் ஊரின் சர்க்கரை நோயாளிகளின் முகமும் பெயரும் மனத்தில் படியத் தொடங்கும்போது நான் எலும்பு முறிவோ மயக்கவியலோ படிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது நான் வேறொரு மருத்துவர். என் இடமும் வட்ட மருத்துவமனையாகவோ மருத்துவக் கல்லூரியாகவோ இருக்கும். ஆகவே "கூடுதலாக ஒரு மருத்துவர்" என்று கேட்டால், இரண்டு ஆண்டுக்கொருமுறை மாறும் ஒருவருக்குப் பதிலாக இருவர் கிடைப்பார்கள்.

தொடர்ச்சி வேண்டுமென்றால் அது செவிலியரிடமிருந்துதான் வரும். விராலிமலை இங்கிருந்து தொலைவில் இல்லை. அனைவருக்கும் நலவாழ்வுத் திட்டத்தின் முன்னோட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த மூன்று ஒன்றியங்கள் சூளகிரி, விராலிமலை, வேப்பூர். அங்கே துணை சுகாதார நிலையங்களில் கூடுதல் செவிலியரையும் மருந்தையும் வைத்து, நாள் முழுவதும் திறந்திருக்கச் செய்தபோது, அதுவரை தடுப்பூசிக்கு மட்டும் வந்தவர்கள் காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அங்கேயே வரத் தொடங்கினார்கள். கைக்காசுச் செலவும் குறைந்தது. பழைய நர்சம்மா சொல்வது அனுபவம் மட்டுமில்லை, சோதித்துப் பார்த்த ஒன்று.

பதிவு 6: கண்ணாடிப் பலகை

டாக்டர் அவர்களுக்கு ஒரு கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்கிறார்கள். அதை வைத்து மாலையில் தனியார் மருத்துவரிடம் காட்ட வழி செய்தால், நிலையத்தின் நேரத்தை மாற்றத் தேவையே இருக்காதல்லவா?

பதிவு 7: திருமயம் தெற்கு

அந்தக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியது. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கப் பணம் கிடைக்கும். அந்த அடைப்பு வராமலிருக்கத் தினமும் போடும் மாத்திரைக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் கிடைக்காது. 2009இல் தொடங்கிய காலம்தொட்டு அதன் அமைப்பு அப்படித்தான். அதனால் குடும்பங்கள் கடனில் மூழ்காமல் காப்பாற்றப்பட்டதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்களின் கைக்காசு 2021-22இலும் 39.4 விழுக்காடு. அதில் பெரும் பங்கு, சேர்ந்து படுக்காத நோய்களுக்கு வெளியே வாங்கும் மருந்து.

புறநோயாளிச் செலவையும் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஒவ்வொரு வருகைக்கும் பணம் என்று ஏற்படுத்தினால் வருகை கூடும், நோய் குறையாது என்பது என் தனிப்பட்ட கருத்து. மாத்திரையைப் பொறுத்தவரை நம் மாநிலத்தில் அதைவிட எளிய வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எழுதி எடுத்துக்கொள்கிறோம். சர்க்கரைக்கான மெட்பார்மினும் அம்லோடிபினும் இல்லை என்று சொல்லும் நாள் என் நிலையத்தில் அரிது. மருந்து இருக்கிறது, உங்கள் தந்தையால் அது கிடைக்கும் நேரத்தில் வர முடியவில்லை, அவ்வளவுதான். ஆகவே நேரத்தைக் கேளுங்கள், அட்டையை நீட்டிக் கேட்காதீர்கள்.

பதிவு 8: கோனாபட்டு வழி

இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். அரசுப் பதிவில் அது சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களில் கிடக்கிறது. கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி, ராங்கியம் ஆகியவை புதுக்கோட்டைப் பக்கம். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம், தேவகோட்டை சிவகங்கைப் பக்கம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு நோயாளியை மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் புதுக்கோட்டைக்கு எழுதுவார்கள். ஆனால் எங்கள் ஊரார் கால்பழகிய பெரியாஸ்பத்திரி காரைக்குடியில் இருக்கிறது. சீட்டு ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம் என்று போய்விடுகிறார்கள். காரைக்குடியில் செய்த ரத்தப் பரிசோதனை முடிவு எங்கள் நிலையத்துக்கு ஒருபோதும் வந்து சேர்ந்ததில்லை. என் மாமியாருக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை ஒரே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே மாதத்திலிருந்து இருப்பதால் போக்குவரத்துச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும்தான். அந்தப் பேருந்து எங்கள் வழியில் வரும் நேரத்தை வைத்துத்தான் எங்களுக்கு நோயே வரவேண்டியிருக்கிறது.

பதிவு 9: பழைய நர்சம்மா

கோனாபட்டு அம்மா சொன்னதற்கு ஒரு சிறு மருந்து உண்டு. நோயாளி கையில் ஒரு குறிப்பேடு. கர்ப்பிணிக்குத் தாய்சேய் நல அட்டை கொடுக்கிறோமே, அதுபோல. கணினியில் ஆயிரம் பதிவு இருக்கட்டும். ஆச்சியின் கொட்டானில் ஒரு குறிப்பேடு இருந்து, காட்டும் மருத்துவர் ஒவ்வொருவரும் அதில் இரண்டு வரி எழுதினால் மாவட்ட எல்லை அதைத் தடுக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது, வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்ப்பதை ஒரு கண்துடைப்பு என்று நானே நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன். மகளிர் குழுக்களிலிருந்து வந்த அந்தத் தன்னார்வலப் பெண்கள், படியேற முடியாதவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணமும் வீட்டுக்கே போகின்றன. என் குறை ஒன்றுதான்: நம் ஊர்களில் பகலில் கதவு தட்டினால் திறக்க ஆளில்லாத வீடும் உண்டு, திறந்து முகப்புவரை வர அரை மணி நேரம் எடுக்கும் முதியவரும் உண்டு. இந்த வீடுகளின் நீளம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற இலக்கு வேறு ஊரில் சரியாக இருக்கலாம். இங்கே அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போய்விட்ட பிறகுதான் ஆச்சி கதவைத் திறப்பார்கள்.

பதிவு 10: ஊர்ப் பற்று (கோலாலம்பூர்)

டாக்டர் எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது வரவில்லை. எங்கள் அப்பச்சி இறந்தது அந்த வீட்டில்தான். விழுந்து கிடந்ததைக் காவல்காரர் பார்த்தது மறுநாள் காலையில். ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவசரம் எனக்கு அங்கிருந்து வந்தது. சரி, மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்கும் யோசனையைக் கைவிடுகிறேன். அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் பணம் எதற்குப் பயன்படும் என்பதையும் சொல்லுங்கள்.

பதிவு 11: திருமயம் தெற்கு

என் சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு விதிப்படி எளிதில் வாங்க முடியாத, ஒருமுறை வாங்கினால் நெடுநாள் உழைக்கும் பொருள்களுக்குப் பயன்படும். துணை சுகாதார நிலையத்துக்கு இன்வெர்ட்டர், சக்கர நாற்காலி, வெயிலில் காத்திருப்போருக்கு ஒரு கூரை. ஒவ்வொரு நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கம் உண்டு. அதன்வழி கொடுத்தால் கணக்கும் நிற்கும், கேட்கவும் உரிமை இருக்கும். நர்சம்மா சொன்ன குறிப்பேட்டை அச்சிடுவதற்கு ஒருவருடைய ஒரு மாதச் செலவு போதும்.

கட்டடம் பற்றி இன்னொரு வார்த்தை. 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு கிராமத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைத்தபோது, குறுகிய காலத் திட்டத்திலேயே 40,000 பேருக்கு ஒரு நிலையம், அதில் இரண்டு மருத்துவர்கள் என்று எழுதியது. அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த சென்னை லட்சுமணசுவாமி முதலியார், பின்னர் தாமே தலைமையேற்ற குழுவின் 1962 அறிக்கையில், புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட இருப்பவற்றைப் பலப்படுத்துங்கள் என்று சொன்னார். நம் காலத்தில் 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாக அடிப்படை மருத்துவத்துக்கென 5 ஆண்டுகளுக்கு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் கட்டடம் இல்லாத துணை நிலையங்களுக்குக் கட்டடம் என்பது ஒரு முக்கிய இனம். கட்டடம் தேவைதான். ஆனால் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்க முடிந்த செலவு ஒன்று, வைக்க முடியாத செலவு ஒன்று என்று இரண்டு வகை இருக்கின்றன; தீர்மானம் எழுதுகிறவர்கள் இரண்டாவதைக் கேட்டால்தான் உண்டு.

பதிவு 12: முகப்புத் திண்ணை

மூன்று வாரங்களாக நடந்த இந்த உரையாடலுக்குப் பிறகு வரைவைத் திருத்தியிருக்கிறேன். முதல் வரைவில் இருந்தவற்றில் ஒன்று மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஊராட்சியின் அதிகாரம் பற்றியும் விசாரித்தேன். அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் 23ஆவது இனமாக மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று இருக்கிறது. கேரளத்தில் அவற்றை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, 2017இல் ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் குடும்ப நல மையங்களாக மாற்றத் தொடங்கி, புறநோயாளிப் பிரிவை மாலை 6 மணி வரை நீட்டித்தார்கள். இங்கே அவை பொது சுகாதாரத் துறையிடமே இருக்கின்றன. துறையின் கட்டுக்கோப்பால் நமக்குக் கிடைத்த நன்மைகளை நர்சம்மா சொல்லிவிட்டார்கள். நானும் அதைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆனால் நேரத்தை முடிவு செய்யும்போது ஊரைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தின் முன்னுரையில் சேர்த்திருக்கிறேன்.

திருத்திய தீர்மானம் வருமாறு:

"எமது ஊராட்சிக்குட்பட்ட மக்களில் முதியோர் விகிதம் அதிகமாக இருப்பதாலும், உழைக்கும் வயதினர் பகல் முழுவதும் கூலி வேலையில் இருப்பதாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவை வாரத்தில் குறைந்தது மூன்று நாள்களாவது மாலை 4 முதல் இரவு 8 மணி வரையும் நடத்த வேண்டும் என்றும், துணை சுகாதார நிலையத்துக்கும் வீட்டுவழி மருத்துவப் பணிக்கும் பணியாளர் எண்ணிக்கையையும் அன்றாட இலக்கையும் வகுக்கும்போது மக்கள்தொகையோடு அறுபது வயதைக் கடந்தோரின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும், நெடுநாள் நோயாளிகள் அனைவருக்கும் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எந்த மருத்துவரும் எழுதத்தக்க கைக்குறிப்பேடு வழங்க வேண்டும் என்றும், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட எல்லையோர ஊர்களின் நோயாளிகளை அவர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே பரிந்துரைத்து, பரிசோதனை முடிவுகளை உரிய நிலையத்துக்கு அனுப்பும் முறையை ஏற்படுத்த வேண்டும் என்றும் இக்கிராம சபை ஏகமனதாகக் கேட்டுக்கொள்கிறது."

"ஏகமனதாக" என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டேன். அன்று கூடுவோர் எண்ணிக்கை போதுமான அளவில் இருக்க வேண்டுமே என்ற கவலைதான் இப்போது.

பதிவு 13: கண்ணாடிப் பலகை

ஆத்தங்குடிப் பக்கத்தில் இருபது பேரையாவது எங்கள் ஊர்க் கிராம சபைக்கு அழைத்து வருகிறேன். உங்கள் தீர்மானத்தை அப்படியே அங்கேயும் வைக்கலாமா? ஊராட்சியின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.

பதிவு 14: முகப்புத் திண்ணை

தாராளமாக வையுங்கள். ஒரே வாசகத்தில் பல ஊர்களிலிருந்து போனால்தான் மேலே கவனிப்பார்கள்.

பதிவு 15: பழைய நர்சம்மா

ஒரே ஒரு திருத்தம். "இரவு 8 மணி வரை" என்பதை "இரவு 7.30 வரை" என்று மாற்றுங்கள். 8 மணி என்று எழுதினால் மருந்து கொடுத்து, பதிவேட்டை முடித்து, நிலையத்தைப் பூட்டும்போது 8.30 ஆகிவிடும். நான் வேலை பார்த்த வழியில் காரைக்குடிக்குத் திரும்பும் கடைசி நகரப் பேருந்து 8 மணிக்கே போய்விடும். செவிலியரும் மருந்தாளுநரும் பெரும்பாலும் பெண்கள், அந்தப் பேருந்தில்தான் வீடு திரும்ப வேண்டும். பேருந்து நேரத்தைப் பார்க்காமல் எழுதினால் இரண்டே மாதத்தில் மாலைப் பிரிவு 6 மணிக்கே மூடிக்கொள்ளும். அப்போது யாரையும் குறை சொல்ல முடியாது.

பதிவு 16: முகப்புத் திண்ணை

மாற்றிவிட்டேன் அம்மா. அத்துடன், கடைசிப் பேருந்தை நிலையத்தின் வாசலில் நிறுத்திச் செல்லும்படி போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியே ஒரு மனுவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேருந்து வழித்தட எண்ணையும் நேரத்தையும் சரிபார்த்து இன்று இரவு இங்கே போடுகிறேன்.